கூலிங் வேலை

ஏப்ரல் 6, ஞாயிறு

இந்த டைரி சக்தி வேலை பார்க்கும் ஏ.சி. கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. அலமாரியில் சும்மா கிடந்தது. வெள்ளைத் தாள் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆகாது. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் வகுப்பில் முதல் மார்க்கு என்னுடையதுதான். இந்தத் தெருவில் காலேஜுக்குப் போனதுகளின் கையெழுத்தைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

பிரம்மசக்தி என் மகன் வழிப் பேத்தி. அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பன் திருப்பூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். வளர்த்தது நான். ஐ.டி.ஐ.யில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் ரிப்பேர் படிப்பில் இவள் ஒருத்திதான் பெண். இந்தத் தூத்துக்குடியில் ஏணியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஏ.சி. மாட்டுகிற பெண் வேறு ஒருத்தி இருந்தால் காட்டட்டும்.

ஞாயிறு என்றாலும் லீவு இல்லை. வெயில் காலம்தான் இவர்களுக்குச் சீசன். மூன்றாவது மாடி சன்ஷேடில் கயிறு கட்டி இறங்கி வெளி மெஷினைக் கழுவினாளாம். வீட்டுக்காரம்மா, "ஆம்பள யாரும் வரலியா?" என்று கேட்டிருக்கிறாள். இவள், "ஆம்பள கழுவுனா மட்டும் காத்து ஆம்பளக் காத்தாவா அடிக்கும்?" என்றிருக்கிறாள். வாய் என் வாய்.

ஏப்ரல் 9, புதன்

பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மதினி குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"ஒம் பேத்தி கூலி வேலைக்கா போறா?"

"கூலி இல்ல மதினி, கூலிங். கூலிங் வேலை."

"எல்லாம் ஒண்ணுதான். மழை பெஞ்சா ரெண்டுக்கும் துட்டு கெடையாது."

தண்ணீர் பிடிக்க வந்தவள்கள் எல்லாம் சிரித்தாள்கள். குடத்தை நிறைக்காமலே வந்துவிட்டேன். அவள் சொன்னதிலும் கொஞ்சம் உண்டு. மாதச் சம்பளம் பதினோராயிரம். போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஏதோ கொடுப்பார்கள். ஐப்பசியில் மழை விழுந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள், சம்பளத்தையும் பாதியாக்குவார்கள். அதற்காக வாசலில் நின்று சொல்ல வேண்டுமா?

சம்பளக் கவரைச் சக்தி பிரிக்காமல் என் கையில்தான் கொடுப்பாள். செந்தூர் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, பெட்ரோலுக்கு எடுத்துக் கொடுப்பேன். மேலே கேட்டாலும் கொடுப்பேன். அவள் கேட்பதில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் பிறப்பு. பாயசம் வைத்தேன்.

சாப்பிடும்போது சொல்கிறாள். ஓசூரில் ஒரு கம்பெனியாம். தடுப்பூசி மருந்தைக் குளிரில் வைத்து ஊர் ஊராக அனுப்புகிறவர்கள். இவளும், கூட வேலை பார்க்கும் கிங்ஸ்டனும் எழுதிப் போட்டு, இரண்டு பேரையும் எடுத்துவிட்டார்களாம். இருபத்தெட்டாயிரம் சம்பளம். ஆறு மாதம் பயிற்சி, அப்புறம் நிரந்தரம், பி.எஃப். உண்டு, தங்க ஹாஸ்டல் உண்டு. மூன்று வருஷத்தில் சர்வீஸ் இன்ஜினியர் என்று போடுவார்களாம்.

"இங்க நான் கெழவியானாலும் மெக்கானிக்தான் ஆச்சி. அங்க படி இருக்கு, ஏறிக்கிட்டே போவலாம்."

"இங்க ஏணி இருக்குல்லா, அதுல ஏறுறது போதாதாக்கும்?"

சிரித்தாள். "ஒனக்கு மாசாமாசம் அனுப்புதேன். ஆறு மாசம் பொறு, ஒன்னயும் கூட்டிட்டுப் போயிருதேன்."

பாயசம் அடிப்பிடித்திருந்தது. அவள் நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தாள்.

ஏப்ரல் 17, வியாழன்

கம்பெனியிலிருந்து வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவார்களாம். பெண் பிள்ளை என்றால் கேட்டுக்கொள்வது வழக்கமாம். என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அஞ்சு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"எங்களுக்குச் சம்மதம்னு மட்டும் சொல்லு ஆச்சி. வேற கத ஒண்ணும் வேண்டாம்."

"எனக்குப் பேசத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்லுதேன்."

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில் நன்றாக அடிக்கிறது. மாடியில் கூழ்வடகம் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஓசூரிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெண். நல்ல மரியாதையான பேச்சு.

"பிரம்மசக்தியோட பாட்டிங்களா? பொண்ணு தனியா இங்க வந்து தங்குறதுல வீட்ல யாருக்கும் ஆட்சேபணை இல்லீங்களே?"

"நான் வளத்த பிள்ளை. ஒரு பேச்சுக்கு எடங்குடுக்க மாட்டா" என்றேன்.

"வயசு இருபத்தஞ்சு ஆகுதே. இன்னும் கல்யாணம் ஆகலீங்களா?"

முகம் தெரியாத ஒருத்தி, எங்கேயோ ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, விலை போகாத சேலையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி என் வீட்டுப் பெண்ணைக் கேட்கிறாள். அதற்குத் தக்க பதில் கொடுத்தேன். "ஓ, அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சந்தோஷம் என்றுதானே சொன்னாள்.

சக்தி வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். முழங்கையில் தோல் உரிந்து, களைத்துப் போய் வந்தாள். சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

ஃபோன் வந்ததா என்று கேட்டாள். சிக்னல் இல்லை என்றேன். மத்தியானம் கொஞ்ச நேரம் இல்லைதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வடகம் நன்றாகக் காய்ந்துவிட்டது. இரண்டு டப்பா வந்தது.

சக்தி ஓசூருக்கு ஃபோன் போட்டுப் பார்க்கிறாள். எடுப்பதில்லையாம். சாப்பிடும்போதும் ஃபோனைத் தட்டுப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு முறை அது சத்தம் போடும்போதும் குழம்புக் கையோடு எடுக்கிறாள். எல்லாம் ஏ.சி. வீட்டுக்காரர்கள்.

பெரிய கம்பெனி என்றால் அப்படித்தான், நம்மைக் கண்டுகொள்ள மாட்டான் என்று சொல்லி ஆறுதல் படுத்தினேன். அவளுக்கு என்னை விட்டால் ஆறுதல் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

மே 4, ஞாயிறு

கிங்ஸ்டன் மக்ரூன் டப்பாவோடு வந்தான். நாளை ஓசூருக்கு ரயில் ஏறுகிறானாம். நல்ல பையன்தான், வாய் மட்டும் நிற்காது.

"ஆவணியில கல்யாணமாமே சக்தி! ஒரு வார்த்த சொல்லல பாத்தியா? எச்.ஆர். மேடம் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"யாருக்குக் கல்யாணம்?"

"ஒனக்குத்தான். 'பயிற்சி முடியுறதுக்குள்ள கல்யாணம் கட்டிப் போயிரும், அதுக்கு ஏன் செலவழிக்கணும்'னு ஒம் பேர எடுத்துட்டாவ. மதுரைக்காரன் ஒருத்தனப் போட்டாச்சு. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா கல்யாணம்னா சந்தோசம்தானே?"

"அவியளுக்கு யாரு சொன்னா?"

"ஒங்க ஆச்சிதான் ஃபோன்ல சொன்னாவளாம்."

சக்தி கத்தவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு மக்ரூனை எடுத்து என் கையில் வைத்தாள்.

"தின்னு ஆச்சி. எங் கல்யாணத்துக்கு மொத இனிப்பு."

கிங்ஸ்டன் போன பிறகும் அது என் கையிலேயே இருந்தது. பிசுபிசுவென்று ஒட்டியது.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"இன்னும் ஆகலியான்னு கேக்கா. ஒருத்தனும் வரலன்னு சொல்லச் சொல்லுதியா?"

"போன வருசம் வந்தான்லா ஒருத்தன்? பல்லு எடுப்புன்னு நீதான வெரட்டி விட்ட?"

"எடுப்புத்தான."

"நான் போயிட்டா சம்பளக் கவர் கைக்கு வராதுன்னு பயந்துட்டியோ?"

முருகன் மேல் சத்தியமாக எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. மாதாமாதம் அனுப்புகிறேன் என்றுதானே சொல்லியிருந்தாள். அனுப்புவதும் கையில் கொடுப்பதும் ஒன்றில்லைதான், இருந்தாலும் அந்த நினைப்பு வரவில்லை.

சாதம் போட்டு வைத்தேன். சாப்பிடவில்லை. பசித்தால் சாப்பிடுவாள்.

மே 5, திங்கள்

சக்தி ஓசூர்க்காரியைப் பிடித்துவிட்டாள். கல்யாணமெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னாளாம். "அப்படின்னா நீங்க பொய் சொல்றீங்களா, உங்க பாட்டி பொய் சொன்னாங்களா?" என்று அவள் கேட்டாளாம்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. வச்சிட்டேன்."

என்னைப் பொய்க்காரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வளர்ப்பு அப்படி.

மே 8, வியாழன்

கிங்ஸ்டன் போகிற போக்கில் கடையிலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கடை முதலாளி இவளைக் கூப்பிட்டு, "நிச்சயம் ஆன பிள்ளையைச் சன்ஷேடுல எறக்கி, கை கால் போச்சுன்னா ஒங்க மாப்பிள்ள வீட்டுக்கு யாரு பதில் சொல்லுறது?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையே கிடையாது என்று இவள் சொன்னதற்கு, "பெரிய மனுசி பொய் சொல்லுவாவளா?" என்றாராம்.

இனி மேஜையில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கிற வேலை. வீடு வீடாகப் போனால் கிடைக்கிற தனிக்காசு இல்லை. டூல் பேக்கைப் புதிதாக வந்த ஒருவனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

நிழலில் பார்க்கிற வேலை. கறுத்துக் கிடக்கிற முகம் கொஞ்சம் தெளியும். அதைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை.

மே 12, திங்கள்

ஊர் வாயை மூட முடியுமா? செல்லக்கனி மதினி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஆவணியில கல்யாணமாம்லா? மாப்பிள்ள எந்த ஊரு?"

"பேசிக்கிட்டு இருக்கோம் மதினி."

"ஊரே பேசுது, நீங்க இன்னும் பேசி முடிக்கலியா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்தாள். கெட்டிக்காரி. பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் கொழுந்தன் வழியில் வைகுண்டமணி என்று ஒருவர் மண்டபம் என்கிற கடலோர ஊரில் ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிறாராம். மீன்பிடிப் படகுக்கு எல்லாம் அங்கிருந்துதான் ஐஸ் போகிறதாம். ஒரே மகன், முப்பத்தாறு வயது. அவர்களுக்கு இப்படி ஒரு பெண்தான் தோதாம்.

சக்தி உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "வரச் சொல்லுங்க செல்லக்கனி ஆச்சி. ஆவணி தள்ளிப் போவக் கூடாது."

கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. மதினிக்கு நிஜம்தான்.

ஜூன் 1, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். மூன்று பேர்: வைகுண்டமணி அண்ணாச்சி, அவர் சம்சாரம், மாப்பிள்ளை. காரில் வந்தார்கள், தெருவே பார்த்தது. மாப்பிள்ளை தலை நிமிராமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கமானவர்.

அண்ணாச்சி வந்ததும் விஷயத்துக்கு வந்தார். "பிள்ள என்ன சம்பளம் வாங்குதா?"

இப்போது ஃபோன் எடுக்கிற சம்பளத்தை அவர்களிடம் சொல்ல முடியுமா? "இங்க வாங்குறதெல்லாம் ஒரு சம்பளமா அண்ணாச்சி? ஓசூர் மருந்துக் கம்பெனியில வா வான்னு கூப்பிட்டாவ. எடுத்த எடுப்புலயே இருபத்தெட்டாயிரம். மூணு வருசத்துல இன்ஜினியர்."

"அப்பம் ஏன் போவல?"

காப்பித் தட்டோடு நின்ற சக்தி என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு ஆச்சி. ஏன் போவல?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "என்னய விட்டுட்டுப் போவ மனசு வரல பிள்ளைக்கு" என்றேன்.

அண்ணாச்சி சம்சாரம் கன்னத்தில் கை வைத்தாள். "இப்படி ஒரு பிள்ள இந்தக் காலத்துல கெடைக்குமா? இருபத்தெட்டாயிரத்த வேண்டாம்னுட்டாளே!"

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம பிளாண்டுல மெக்கானிக்குக்கு மாசம் முப்பதாயிரம் அழுவுதேன். அவன் ஒரு நாள் வரலன்னா ஐஸ் உறையாது, படகுக்காரன் வாசல்ல நின்னு ஏசுவான். இனி அந்தத் தொல்ல கெடையாது. வீட்டு ஆளே பாத்துக்கிடும்."

"எனக்கு எவ்வளவு தருவிய மாமா?" என்று கேட்டாள் சக்தி.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளைகூட நிமிர்ந்து பார்த்தார். "மருமவளுக்குச் சம்பளமா? பிளாண்டே ஒனக்குத்தான் தாயி."

"எம் பேருக்கு எழுதித் தருவியளா?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"சரி, கல்யாணம் வேண்டாம். அந்த மெக்கானிக் வேலைய முப்பதாயிரத்துக்கு எனக்குத் தாங்க. நாளைக்கே வாறேன்."

"அது எப்படி? அம்மோனியா ஓடுற எடம். வெளியாளு பொம்பளப் பிள்ளய நம்பி விட முடியுமா?"

"மருமவளா வந்தா நம்பலாமா?"

"அது வீட்டு ஆளுல்லா."

"சும்மா வெளையாடுதா அண்ணாச்சி, வாய் கொஞ்சம் கூட" என்று நான் குறுக்கே விழுந்து சமாளித்தேன். இல்லாவிட்டால் காரியம் கெட்டிருக்கும்.

சக்தி தட்டைக் கீழே வைத்தாள். அவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "நிச்சயம் பண்ணிரு."

அவர்கள் போன பிறகு கேட்டேன், உனக்குப் பிடித்திருக்கிறதா என்று.

"இங்க இருந்தா ஃபோன் எடுக்கணும். அங்க மெஷினாவது இருக்கு. ஒண்ணே ஒண்ணு ஆச்சி. அங்க என்னயப் பாக்க வந்துராத."

கல்யாணப் பெண்கள் கோபத்தில் இப்படி ஏதாவது சொல்வார்கள். ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்.

ஜூன் 2, திங்கள்

குழாயடியில் யாரும் கேட்காமலே சொன்னேன்: "ஐஸ் பிளாண்டு முதலாளி வீட்டு மருமவ." எனக்கு வழி விட்டார்கள். இன்று குடம் முதலில் நிறைந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம் நடந்தது. சொன்ன மாதிரி ஆவணியில். சக்தி என் காலில் விழுந்து கும்பிட்டாள், படம் எடுத்தார்கள். அழவில்லை. தைரியசாலி என்று எல்லோரும் சொன்னார்கள்.

செப்டம்பர் 20, சனி

இன்றும் மாப்பிள்ளைதான் ஃபோனை எடுத்தார். அவள் பிளாண்டில் இருக்கிறாளாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாதக் கடைசி. முருகன் படத்தைத் துடைத்தேன். முன்னால் வைக்க ஒன்றுமில்லை, செம்பருத்தி வைத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஃப்ரிட்ஜ் இரண்டு நாளாகக் குளிரவில்லை. முன்னெல்லாம் சக்தி காலையில் காப்பி ஆறுவதற்குள் சரி பண்ணிவிடுவாள். இப்போது காசு கொடுத்து ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. மார்க்கெட் பக்கம் இருக்கிற கடையில் சொல்லிவிட்டேன். நாற்பது வயது மதிக்கிற ஒருவர் வந்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து பார்த்தார்.

"கேஸ் லீக் ஆயிருக்குங்கம்மா. ஓட்டைய அடைச்சுட்டு கேஸ் ஏத்தணும்."

"எனக்குத் தெரியும். எம் பேத்தியும் இந்த வேலைதான்."

"அப்படியா? பொண்ணா?" அவருக்கு ஆச்சரியம். "எங்க வேலை? என்ன சம்பளம்?"

"சம்பளத்துக்கு இருந்தாதான சொல்ல? மண்டபத்துல வைகுண்டமணி அண்ணாச்சி ஐஸ் பிளாண்டு தெரியுமா? அதுக்கு மருமவ. மொத்தப் பிளாண்டும் அவ கையில."

அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அங்க பதினோரு வருசமா மெக்கானிக்கா இருந்தது எங்க அண்ணன்மா. ஆவணி முடிஞ்சதும் நிப்பாட்டிட்டாங்க. வீட்டுலயே ஆள் வந்தாச்சு, சும்மா பாக்குதுன்னு சொன்னாங்களாம். இப்ப அந்தப் பக்கத்துல இருக்கிற மத்த பிளாண்டுக்காரனும் சம்பளத்தைக் குறைக்கப் பாக்குறான். எங்க அண்ணனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க."

"காப்பி குடிக்கியளா?" என்றேன்.

"மொத மாசமே ஓடாம இறுகிப்போன கம்ப்ரஸரத் தனியாப் பிரிச்சு மாட்டுச்சாம் அந்தப் பொண்ணு. கேஸ் முகத்துல அடிச்சு நாலு நாள் கண்ணு தெரியாமக் கெடந்துச்சாம். உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னா" என்றேன். "சொல்லாம இருப்பாளா?"

அவர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். கழற்றின தகடு சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

"வேலைய முடிக்கலியே?"

"உங்க வீட்டுலதான் சும்மா பாக்குற ஆள் இருக்கே. கூப்பிட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வந்ததற்குக்கூடக் காசு வாங்கவில்லை. இந்தக் காலத்து ஆட்களுக்கு மரியாதை தெரியாது.

மண்டபத்துக்கு ஃபோன் போட்டேன். மாப்பிள்ளை எடுத்தார். அவள் கண்ணுக்கு என்ன என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் மெஷின் சத்தம் பெரிதாகக் கேட்டது. "இப்ப முடியாது, படகு நிக்குது" என்று வைத்துவிட்டார்.

வண்டி போனதைப் பார்த்துவிட்டு செல்லக்கனி மதினி வாசலுக்கு வந்தாள்.

"மெக்கானிக்கு வந்தானே, சரியாச்சா?"

"ஆச்சு."

"அப்பம் ரெண்டு ஐஸ் கட்டி குடு மதினி. முட்டு வீங்கிப் போய் கால ஊனவே முடியல."

இல்லை என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. "இப்பத்தான் தண்ணி ஊத்தி வச்சேன். உறையட்டும், தாறேன்" என்றேன்.

"இருக்கட்டும், நான் என்ன ரயிலா பிடிக்கப் போறேன்" என்று வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வந்து கதவை ஒருக்களித்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்போதிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள். மூன்றாவது முறை இப்போது தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்கிறாள்:

"ஐஸ் பிளாண்டுக்காரி ஆச்சி வீட்டுல ஐஸ் உறைய இம்புட்டு நேரமா?"

"இந்தா ஆச்சு மதினி" என்றேன்.